கேட்வேயிலிருந்து எலிபெண்டா: குழந்தைகளோடு முதல் படகுப் பயணம்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் மும்பைக்கு வந்தால் எலிபெண்டா தீவின் குகைக்கோயில்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ‘கேட்வே ஆஃப் இந்தியா’ படகுத்துறையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் படகு. கூட வருவது சின்னப் பிள்ளைகள் என்றால் ஏற்பாடுகளை வீட்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

1. நாள் பார்ப்பது

திங்கள்கிழமை குகைகளுக்கு விடுமுறை. மழைக்காலத்தில் படகு ஓடினாலும் குழந்தைகளோடு போகாதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடல் அமைதியாக இருக்கும். ஒன்பது மணி வாக்கில் கிளம்பும் படகைப் பிடியுங்கள். பிற்பகலில் கடற்காற்று வலுத்து ஆட்டம் கூடும்.

2. லைஃப் ஜாக்கெட்

மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். 2024 டிசம்பர் 18 அன்று எலிபெண்டாவுக்குக் கிளம்பிய ‘நீல்கமல்’ படகின் மீது கடற்படையின் விரைவுப் படகு மோதியது. நூறு பேருக்கு மேல் இருந்த அந்தப் படகு கவிழ்ந்து, பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மோதிய பிறகு ஜாக்கெட்டைத் தேடி எடுத்துப் பிள்ளைக்கு மாட்ட யாருக்கு நேரம் இருக்கும்? கரையில் நிற்கும்போதே மாட்டிவிடுங்கள்.

படகில் குழந்தை அளவு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை கிலோ எடைக்கானது என்று ஜாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். வயதைப் பார்த்து வாங்க வேண்டாம். சிறு குழந்தைகளுக்குத் தலையைத் தாங்கும் காலரும், கால்களுக்கு இடையே வரும் பெல்ட்டும் கட்டாயம் வேண்டும்.

வாங்கியதும் சோதித்துப் பாருங்கள். எல்லா பக்கிளையும் பூட்டி, கைகளை மேலே தூக்கச் சொல்லி, ஜாக்கெட்டின் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுங்கள். அது முகம்வரை ஏறி வந்தால் தளர்வு; தண்ணீரில் பிள்ளை அடிவழியாக நழுவிவிடும். பெரியவர்களின் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால் இதேதான் நடக்கும். நீச்சல் குளத்தில் கையில் மாட்டும் காற்றுப் பைகள் இதற்கு ஈடாகாது. இரண்டு மூன்று நாள் வீட்டில் போட்டு விளையாட விடுங்கள், அன்றைக்கு அடம் இருக்காது. கைக்குழந்தைக்குப் பொருந்தும் அளவு கிடைக்காவிட்டால் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுவதுதான் சரி.

நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். புடவை கட்டியிருந்தால் முந்தானையை இழுத்துச் செருகிவிட்டு மேலே மாட்டுங்கள்.

3. ஏறுவது

துறையின் கல்படிகளில் ஈரமும் பாசியும் இருக்கும். சில நேரம் படகுகளை அடுத்தடுத்துக் கட்டியிருப்பார்கள், ஒன்றின் வழியாக இன்னொன்றுக்குத் தாண்ட வேண்டும். முதலில் ஒரு பெரியவர் ஏறட்டும், பிறகு குழந்தை, கடைசியில் அடுத்த பெரியவர். படகு அலையில் எழும்பிப் படிக்குச் சமமாக வரும் நொடிவரை காத்திருங்கள். பைகள் முதுகில், கைகள் காலி. குழந்தையைத் துணியாலோ பெல்ட்டாலோ மார்போடு கட்டிக்கொள்ளாதீர்கள். தண்ணீரில் அவிழ்க்க முடியாது. ஏற்கெனவே நெருக்கியடித்து ஆட்கள் நின்றால் அடுத்த படகில் போகலாம்.

4. உட்காரும் இடம்

கீழ்த்தளத்தில், நடுவில். ஆட்டம் அங்கேதான் குறைவு. ஜாக்கெட்டுகள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஊழியரிடம் உட்கார்ந்த உடனேயே கேளுங்கள்.

குளிர்காலத்தில் கடற்காகங்கள் கூட்டமாகத் தொடர்ந்து வரும். காட்சி உண்மையிலேயே அழகு, பிள்ளைகள் துள்ளுவார்கள். ஆனால் அவற்றுக்குத் தீனி போட என்று ஓரத்துக்கு ஓடி, கம்பிக்கு வெளியே எட்டுவதும் அப்போதுதான். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று முன்கூட்டியே பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘எல்லாரும் பார்த்துக்குவோம்’ என்றால் யாருமே பார்ப்பதில்லை.

5. வயிற்றுக்கு

காலையில் ரெண்டு இட்லி போதும். பூரியும் வடா பாவும் திரும்பி வந்த பிறகு. குமட்டினால் போனை வாங்கி வைத்துவிட்டுத் தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு துண்டு இஞ்சி மொரப்பா கொடுக்கலாம்.

6. திரும்புவது

தீவில் குரங்குகள் தின்பண்டத்தைப் பிடுங்கும், பைக்குள்ளேயே வையுங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள். இறங்கும்போதே கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டு, அதற்கு முந்தையதிலேயே கிளம்பிவிடுங்கள்; கடைசியில் கூட்டம் அதிகம். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, போனில் பதிந்துகொள்ளுங்கள். திரும்பும்போது பிள்ளை தூங்கிப்போனாலும், கேட்வே படிகளில் ஏறி முடிக்கும்வரை ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள்.