பழுதான டிவிக்கு யார் பொறுப்பு: கடைக்காரரா, கம்பெனியா?

வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத டிவியில் கோடு விழுகிறது. கடையில் கேட்டால் "சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்பார்கள். அங்கே போனால் "வாங்கின கடையிலயே கேளுங்க" என்பார்கள். இந்த அலைச்சலுக்கு நீங்கள் உடன்படவே வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் இருவர் மீதும் புகார் கொடுக்கலாம்.

படி 1: பில்லையும் வாரண்டி கார்டையும் படம் எடுத்து வையுங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் இருந்தால் பயப்படாதீர்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். திரும்ப எடுப்பதற்குப் பில்லில் கெடு ஏதும் இல்லையென்றால் 30 நாள் அவகாசம் உண்டு.

படி 2: சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் (பழுதைக் குறித்துத் தரும் தாள்) வாங்குங்கள். வழக்கே இந்தத் தாளில்தான் நிற்கும். கையெழுத்துப் போடுமுன் வரிவரியாகப் படியுங்கள். நீங்கள் சொன்னது "திரையில் கோடு". அவர்கள் எழுதியது "தண்ணீர் பட்டது" அல்லது "கீழே விழுந்தது" என்றால், அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். மறுத்தால் "ஏற்கவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

படி 3: கடை, கம்பெனி இரண்டுக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

படி 4: பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள்.

படி 5: அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கடை, கம்பெனி இரண்டையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். யார் பொறுப்பு என்பதை ஆணையம் முடிவு செய்யட்டும்.

பொருள் வெடித்து ஆளுக்குக் காயம், வீட்டுக்குச் சேதம் என்றால், அந்த இழப்பீட்டுக்கு முதலில் தயாரிப்பாளர்தான் பொறுப்பு. ஆனால் தயாரித்தவர் யாரென்றே தெரியாத சார்ஜரை விற்றவரும், பொருளில் கைவைத்து மாற்றியதாலேயே கேடு விளைவித்த கடைக்காரரும் தாங்களே பதில் சொல்லியாக வேண்டும். கருகிய சார்ஜரை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஆணையம் அதை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பக்கூடும்.