கோலாலம்பூரில் ஹாம் வானொலிக் கோபுரத்தை மின்னலிலிருந்தும் புயற்காற்றிலிருந்தும் காப்பது எப்படி?

ஹாம் எனப்படும் அமெச்சூர் (பொழுதுபோக்கு) வானொலிக் கோபுரங்களைப் பற்றிய ஆங்கிலக் கையேடுகளில் பல, குளிர்நாட்டு வாசகர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் பெய்த உறைமழை, கம்பிகளில் பனிக்கட்டியாகப் படிந்து உயரழுத்த மின்கோபுரங்களையே சாய்த்தது என்பதால், அவற்றில் பனிச்சுமைக்குத் தனி அத்தியாயம் இருப்பது நியாயமே. கோலாலம்பூரில் அந்த அத்தியாயத்தைத் தள்ளிவிட்டு, மின்னலைப் பற்றிய பக்கங்களை இருமுறை படிக்க வேண்டும். உலகில் இடிமழை மிக அதிகமாகப் பெய்யும் வட்டாரங்களுள் கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. வீட்டோரம் நிறுத்தப்படும் சுமார் 10 மீட்டர் கோபுரத்தை வைத்தே கீழ்க்காணும் படிகளை எழுதுகிறேன். உரிமமும் மாநகர் மன்ற அனுமதியும் பெற்றபின் வேலையைத் தொடங்குங்கள்.

முதற்படி: இடம்

கோபுரத்தின் உயரத்தோடு ஆண்டெனாவின் நீளத்தையும் கூட்டி, அதைப்போல் ஒன்றரை மடங்கு தொலைவுக்குள் மின்கம்பி எதுவும் செல்லக்கூடாது. வரிசை வீடுகளின் பின்சந்தில் மின்கம்பி ஓடுமானால் உயரத்தைக் குறைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாம் படி: இழுவைக் கம்பிகள்

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன், மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா புயற்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது. காற்றின் வேகம் இரு மடங்கானால் கோபுரத்தின் மீதான அழுத்தம் நான்கு மடங்காகிறது. ஆகவே கோபுரத்தை நிலத்தோடு இழுத்துப் பிடிக்க, 120 பாகை இடைவெளியில் மூன்று திசைகளிலும் கம்பி கட்டுங்கள். கோபுர உயரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு தள்ளி, கம்பியை நிலத்தில் பிணைக்கும் நங்கூரம் அமைவது நல்லது. அவ்வளவு நிலம் இல்லாதவர்கள் கோபுரத்தைச் சுவரோடு பிணைத்து, உயரத்தையும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

கம்பியின் நுனியை மடித்து கிளிப் போடும்போது, கிளிப்பின் அடிக்கட்டை இழுவிசையைத் தாங்கும் நீண்ட கம்பியின் மீதும், யூ வடிவப் போல்ட் மடிக்கப்பட்ட குட்டை நுனியின் மீதும் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால், போல்ட் நசுக்கும் இடத்தில் கம்பியின் வலு குறைந்துவிடும். கம்பியை முறுக்கி இறுக்க உதவும் டர்ன்பக்கிள் தானாகச் சுழன்று தளராதபடி அதன் நடுவே ஒரு துண்டுக் கம்பியைக் கோத்துக் கட்டிவிடுங்கள்.

மூன்றாம் படி: எர்த் (நில இணைப்பு)

புதியவர்கள் ஆண்டெனாவுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, மண்ணுக்குள் மறையும் செம்புக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், பணத்தை முதலில் இங்கேதான் போட வேண்டும்.

அடித்தளத்தைச் சுற்றிச் செம்பு பூசிய எர்த் கம்பிகளை அடித்து இறக்குங்கள். ஒரு கம்பியின் நீளம் 1.5 மீட்டர் என்றால் அடுத்தது குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமாக அடித்தால் இரண்டும் ஒரே மண்ணைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும். இவற்றை அகலமான செம்புப் பட்டையால் கோபுரக் கால்களோடு இணையுங்கள். பட்டை குட்டையாகவும் கூர்மடிப்பு இல்லாமலும் செல்வதற்குக் காரணம் உண்டு: ஒரு மீட்டர் கம்பியின் தூண்டம் (மின்னோட்டத்தின் திடீர் மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி, மின்னலின் மின்னோட்டம் 3 மைக்ரோ விநாடியில் 30,000 ஆம்பியருக்கு ஏறுமானால், அந்த ஒரு மீட்டரிலேயே 10,000 வோல்ட் எழும். செம்பை நேரடியாகத் துத்தநாகம் பூசிய இரும்பில் படவிட்டால் ஈரத்தில் துத்தநாகம் அரிக்கப்படும். இடையில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஒன்றை வையுங்கள். பினாங்கில் கடலோரம் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

ஆண்டெனாவை வானொலியோடு இணைக்கும் கோஆக்சியல் கேபிளின் உலோக வெளியுறையைக் கோபுர உச்சியிலும் அடியிலும் எர்த் செய்தபின், அது வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு செம்புத் தகட்டைப் பொருத்தி, மின்னலின் மிகை மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் அரெஸ்டரை அதில் முடுக்குங்கள். வானொலிப் பெட்டியின் எர்த்தும் அதே தகட்டுக்கு வர வேண்டும். பின்னர் அந்தத் தகடு, கோபுரத்தின் எர்த், வீட்டு மின்சாரத்தின் எர்த் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். தனித்தனியாக விட்டுவைத்தால், மின்னல் விழும் கணத்தில் அவற்றிடையே எழும் மின்னழுத்த வேறுபாடு உங்கள் வானொலியின் வழியாகவே பாயும். வீட்டு எர்த்தைத் தொடும் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனிடம் ஒப்படையுங்கள்.

நான்காம் படி: மழைநீர்

கேபிள் சுவருக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். இணைப்பான்களின் மீது தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பையும், அதன் மேல் பிவிசி டேப்பையும் சுற்றுங்கள். ஓடு வேய்வதைப்போல், கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும்.

ஐந்தாம் படி: அன்றாடப் பழக்கம்

இத்தனையும் செய்தபின்னும், பயன்படுத்தாத நேரத்தில் ஆண்டெனா கேபிளையும் மின்செருகியையும் இணையக் கேபிளையும் கழற்றிவிடுங்கள். பிற்பகல் இடியை நாம் கேட்டுவிடுவோம். சுமத்ரா காற்றோ உறங்கும்போது வரும் என்பதால் படுக்கைக்குச் செல்லுமுன் கழற்றுவது நலம். கழற்றிய நுனியை மேசைக்கடியில் போடாமல், வெளியே செம்புத் தகட்டோடு பிணைத்து வையுங்கள். இடிச்சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டால் எதையும் தொட வேண்டாம்.

பருவமாற்ற இடிமழை தொடங்குமுன், மார்ச்சிலும் செப்டம்பரிலும் கிளிப், டர்ன்பக்கிள், எர்த் இணைப்பு ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். எர்த் மின்தடையை அளக்கும்போது 10 ஓமுக்கு மேல் காட்டினால், இன்னொரு கம்பியை அடித்து இறக்கி மறுபடி அளந்து பாருங்கள்.