இரும்பு வெட்டவும் தேய்க்கவும் பேட்டரி மிஷின்: முதல்முறை வாங்குபவருக்கான செய்முறை விளக்கம்

கிரில் கம்பி ஒன்றை அறுக்க வேண்டும். கேட்டில் புதிதாக வைத்த கீலின் வெல்டிங் மேட்டைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டின் ஒரு கால் துருவேறிப் போயிருக்கிறது. இப்படிச் சின்னச் சின்ன இரும்பு வேலைக்காகத்தான் பலரும் பேட்டரி கிரைண்டர் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். அங்கே முதலில் கையில் கொடுப்பது மிஷினை. ஆனால் உங்கள் பணத்தில் பெரும்பகுதி போவது பேட்டரிக்கு, வேலை நடப்பதும் நிற்பதும் பேட்டரியால். அதனால் இந்த விளக்கத்தில் அதிக இடம் பேட்டரிக்குத்தான் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: பேட்டரி மிஷின் தேவையா என்று பாருங்கள்

வேலை எப்போதும் பிளக் பாயிண்ட் பக்கத்திலேயே நடக்கிறது என்றால் ஒயர் மிஷினே போதும். பட்டறைகளில் ஏஜி4 என்று சொல்லும் நாலு இஞ்ச் கிரைண்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், நாள் முழுக்கச் சலிக்காமல் ஓடும். மாடி, தோட்டத்து வேலி, கரண்ட் இல்லாத புது மனை, ஏணியில் ஏறி நின்று செய்யும் வேலை, இங்கேதான் பேட்டரி மிஷின் தன் விலைக்குப் பதில் சொல்லும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 18 வோல்ட், 5 ஏ.எச். (ஆம்பியர் அவர்) பேட்டரியில் இருப்பது 18 × 5 = 90 வாட் அவர். கிரைண்டரை அழுத்தித் தேய்க்கும்போது 700 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், பேட்டரி எட்டு நிமிடம்கூடத் தாங்காது. வெட்டும் வேலை விட்டு விட்டு நடப்பது, ஒரு வெட்டு சில நொடிதான், அதனால் அதற்கு இது தாராளம். ஒரு பெரிய கேட் முழுவதும் பழைய பெயின்ட்டையும் துருவையும் தேய்த்து எடுக்க வேண்டும் என்றால், ஒரு பேட்டரியோடு இறங்காதீர்கள். அந்த வேலைக்கு ஒயர் மிஷினை வாடகைக்கு எடுப்பதே மேல்.

இரண்டாம் படி: பேட்டரியைப் படித்துப் பாருங்கள்

ஒரு கம்பெனி பெட்டியில் 18 வோல்ட் என்று இருக்கும், இன்னொன்றில் 20 வோல்ட் மேக்ஸ் என்று இருக்கும். இரண்டும் ஒன்றேதான். உள்ளே ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருக்கும். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுசாகச் சார்ஜ் ஏறியதும் ஒவ்வொரு செல்லும் 4 வோல்ட்டுக்கு மேலே போகும், அப்போது 20. யார் எந்த எண்ணை அச்சடிக்கிறார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். ஆன்லைனில் மலிவாக வரும் சில மிஷின்களில் 48 வி.எஃப்., 88 வி.எஃப்., 128 வி.எஃப். என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள்ளும் இதே ஐந்து செல் வரிசைதான். அந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது ஏ.எச். எண். இது எவ்வளவு நேரம் ஓடும் என்பதைச் சொல்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கிரைண்டருக்கு அதைவிட முக்கியமான ஒன்றும் இதில் இருக்கிறது. 700 வாட் வேண்டுமென்றால் 18 வோல்ட்டில் கிட்டத்தட்ட 40 ஆம்பியர் ஓட வேண்டும். 2 ஏ.எச். பேட்டரியில் பெரும்பாலும் ஐந்து செல் கொண்ட ஒரே வரிசைதான். அந்த 40 ஆம்பியரும் ஒவ்வொரு செல்லின் வழியாகவும் போக வேண்டும், செல் சூடேறும், வோல்ட் சரியும், பாதுகாப்பு சர்க்யூட் மிஷினை நிறுத்திவிடும். 4, 5 ஏ.எச். பேட்டரியில் வழக்கமாக இரண்டு வரிசை, பத்து செல். சுமை இரண்டாகப் பிரிந்து ஆளுக்கு 20 ஆம்பியர் ஆகிவிடும். டிரில்லோடு வந்த மெல்லிய பேட்டரியைக் கிரைண்டரில் மாட்டினால் கம்பியைத் தொட்டதும் நின்று நின்று போவதற்கு இதுதான் காரணம். மிஷினில் பழுது இல்லை. உலோக வேலைக்கு 4 ஏ.எச்.சுக்குக் கீழே வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எடையையும் பாருங்கள். பத்து செல் மட்டுமே கிட்டத்தட்ட அரைக் கிலோ வரும். 5 ஏ.எச். என்று எழுதியிருக்கிறது, கையில் எடுத்தால் கனமே இல்லை என்றால், எழுத்தை நம்ப வேண்டாம், கையை நம்புங்கள்.

அப்புறம், ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மிஷினில் ஏறாது. ஒரே கம்பெனிக்குள்ளும் பிரிவு உண்டு. போஷின் நீல நிற புரொஃபஷனல் வரிசையும் பச்சை நிற வீட்டு உபயோக வரிசையும் இரண்டுமே 18 வோல்ட், ஆனால் பேட்டரியை மாற்றிப் போட முடியாது. மகிதாவின் 18 வோல்ட் எல்.எக்ஸ்.டி. பேட்டரி அதன் 40 வோல்ட் எக்ஸ்.ஜி.டி. மிஷினில் சேராது. வீட்டில் ஏற்கனவே ஒரு பேட்டரி டிரில் இருந்தால், அதே வரிசையில் பேட்டரி இல்லாத வெறும் மிஷினாகக் கிரைண்டரை வாங்கி, கூட ஒரு பெரிய பேட்டரி எடுப்பதுதான் சிக்கனம். புதிதாக ஆரம்பிக்கிறீர்கள் என்றால் உங்கள் ஊரிலோ பக்கத்து டவுனிலோ எந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். அங்கத்திய சார்ஜர்கள் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் எரிந்துபோகும். கிரைண்டரில் சுழன்று இரும்பை வெட்டும், தேய்க்கும் வட்டத் தட்டைத்தான் வீல் என்கிறோம். அங்கே புழக்கத்தில் இருப்பது நாலரை இஞ்ச் வீல், நடு ஓட்டை 22.23 மி.மீ. நம் ஹார்டுவேர் கடைகளில் எங்கும் கிடைக்கும் நாலு இஞ்ச் வீலுக்கு ஓட்டை 16 மி.மீ. ஷாஃப்டின் மரையும் வேறு. மிஷின் நன்றாகவே இருக்கும், போடுவதற்கு வீல் தேடி அலைவீர்கள்.

மூன்றாம் படி: எந்த மிஷின்?

முதல் மிஷின் ஆங்கிள் கிரைண்டர்தான். வெட்டும், தேய்க்கும், பிசிறு எடுக்கும், துருவைச் சுரண்டும்.

நாலு இஞ்சா, அஞ்சு இஞ்சா என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒயர் மிஷின் நிமிடத்துக்கு சுமார் 11,000 சுற்று சுற்றும். பேட்டரி மிஷின்கள் பல 8,500க்குப் பக்கத்தில்தான் நிற்கும். அந்த வேகத்தில் 100 மி.மீ. (நாலு இஞ்ச்) வீலின் விளிம்பு நொடிக்குச் சுமார் 45 மீட்டர் ஓடுகிறது, 125 மி.மீ. (அஞ்சு இஞ்ச்) வீலின் விளிம்பு சுமார் 56 மீட்டர். வெட்டுவது விளிம்பின் வேகம்தான். அதனால் பேட்டரி மிஷினில் அஞ்சு இஞ்ச் வீல் வெட்டும் சுகமே தனி, ஆழமும் கூடக் கிடைக்கும். ஆனால் மிஷின் கனம், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், சின்ன ஊரில் வீல் கிடைப்பதும் கஷ்டம். ஸ்கொயர் பைப், ஆங்கிள், கம்பி மட்டும் வெட்டப்போகிற புதியவருக்கு நாலு இஞ்சையே சொல்வேன்.

மற்ற மிஷின்களைப் பற்றி இப்போதைக்குச் சுருக்கமாகத் தெரிந்தால் போதும். ரெசிப்ரோ சா என்பது பிளேடு முன்னும் பின்னும் ஓடும் ரம்பம், குறுகலான இடத்தில் தடித்த பைப்பை அறுக்கும், தீப்பொறி பறக்காது. பிளேடு வாங்கும்போது, வெட்டும் தடிமனுக்குள் எப்போதும் மூன்று பல்லாவது இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு 3 மி.மீ. தகட்டுக்குச் சரி, 14 பல் உள்ளது 5, 6 மி.மீ.க்கு. அதைவிட மெல்லிய ஸ்கொயர் பைப்பில் பல் மாட்டி உதறும், அதற்குக் கிரைண்டரே நல்லது. வளையமாகச் சுற்றும் பிளேடு உள்ள பேட்டரி பேண்ட் சா நேராக, அமைதியாக வெட்டும், விலை அதிகம். டை கிரைண்டர் என்பது கை நுழையாத மூலையில் பிசிறு எடுக்க. இவை எதுவும் முதல் நாளே தேவைப்படாது.

நான்காம் படி: கடையில் மிஷினைக் கையில் எடுத்துப் பாருங்கள்

பிரஷ்லெஸ், அதாவது கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் உள்ளதையே எடுங்கள். கார்பன் தேய்ந்து மாற்றும் வேலை இல்லை, அதே பேட்டரியில் கூட வேலை நடக்கும். சுவிட்ச் எப்படி என்று கவனியுங்கள். தள்ளி லாக் ஆகும் சுவிட்சைவிட, கையை எடுத்ததும் நிற்கும் அழுத்து சுவிட்ச் புதியவருக்குப் பாதுகாப்பு. சுவிட்சை விட்டதும் வீலை உடனே நிறுத்தும் பிரேக் இருந்தால் இன்னும் நல்லது. சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கும்போது பேட்டரியைச் சொருகினாலும் மிஷின் தானாக ஓடக்கூடாது. இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள். கார்டு, அதாவது வீலை மறைக்கும் பாதுகாப்பு மூடி, ஆடாமல் நிற்க வேண்டும், பக்கக் கைப்பிடி இரண்டு பக்கமும் மாட்ட முடிய வேண்டும்.

ஐந்தாம் படி: வீல்

பேட்டரி மிஷினுக்கு 1 மி.மீ. கட்டிங் வீலே போடுங்கள். 3 மி.மீ. வீல் போட்டால் அதே வெட்டுக்கு மூன்று மடங்கு இரும்பைப் பொடியாக்க வேண்டும். ஒயர் மிஷினில் இது பெரிதாகத் தெரியாது, பேட்டரியில் நன்றாகவே தெரியும். தேய்க்க 6 மி.மீ. கிரைண்டிங் வீல், வெல்டிங்கைச் சமமாக்கி வழவழப்பாக்க 60 அல்லது 80 நம்பர் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் துண்டுகளை அடுக்கிய தட்டு). எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலைக்கு ஐனாக்ஸ் என்று எழுதிய வீலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாதா இரும்பைத் தொட்ட வீலை எஸ்.எஸ்.ஸில் போட்டால் இரும்புத் துகள் ஒட்டி, பிறகு அங்கே துருக் கறை வரும்.

வீலின் மேல் அதிகபட்ச வேகம் எழுதியிருக்கும். 100 மி.மீ. வீலுக்குப் பொதுவாக 15,300 அளவில், 125க்கு 12,200 அளவில். மிஷினின் வேகம் இதைத் தாண்டக்கூடாது. நடு வளையத்தில் காலாவதித் தேதியும் இருக்கும், பார்த்து வாங்குங்கள். நாள்பட்டால் உள்ளே இருக்கும் பசை பலம் இழக்கும். ஈரம் பட்ட வீல், கீழே விழுந்த வீல், ஓரம் உடைந்த வீல், எதுவானாலும் குப்பைக்கு.

இரண்டு விஷயத்தில் தயவுசெய்து பிடிவாதமாக இருங்கள். கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வீலை மாட்டாதீர்கள். மரம் அறுக்கும் பல் வைத்த பிளேடைக் கிரைண்டரில் போடவே போடாதீர்கள். கடைகளில் தாராளமாக விற்கிறார்கள், பலர் போட்டு ஓட்டுகிறார்கள். அது மாட்டிக்கொண்டால் மிஷின் கையை உதறிக்கொண்டு உங்கள் பக்கம்தான் திரும்பும்.

ஆறாம் படி: முதல் வெட்டு

பேட்டரியைக் கழற்றிவிட்டு வீலை மாட்டுங்கள். முழுக்கண்ணையும் மூடும் கண்ணாடி, அதற்கு மேல் ஃபேஸ் ஷீல்டு, காதுக்கு அடைப்பான், பருத்தி உடை, ஷூ. லுங்கி, துப்பட்டா, தளர்வான முழுக்கை எதுவும் வேண்டாம். தீப்பொறி போகிற திசையில் பெயின்ட், தின்னர், வண்டி, ஜன்னல் கண்ணாடி, டைல்ஸ் இருக்கக்கூடாது. கண்ணாடியில் பட்ட பொறி உருகி ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலோ தின்னரோ இருந்த காலி டிரம்மை வெட்டத் தொடாதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

புது வீல் மாட்டியதும் முகத்துக்கு எதிரே இல்லாமல் ஒதுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள். அதிர்வு இருந்தால் கழற்றிவிடுங்கள். பைப்பைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், காலால் மிதித்துக்கொண்டு வெட்ட வேண்டாம். வெட்டி விழப்போகும் துண்டு கீழே தொங்கும்படி இருக்கட்டும். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தால் வெட்டு நடுவில் மூடி வீலைக் கவ்விக்கொள்ளும். மிஷின் முழு வேகம் வந்த பிறகு இரும்பைத் தொடுங்கள். அழுத்தாதீர்கள், மிஷினின் எடையே போதும். சத்தம் கம்மினால் கையைத் தளர்த்துங்கள். வெட்டுக்குள் வீலைச் சாய்க்கவோ, கட்டிங் வீலின் பக்கவாட்டில் தேய்க்கவோ கூடாது. 50 மி.மீ. ஆங்கிளை ஒரே மூச்சில் வெட்டப் பார்க்காமல் ஒரு தகட்டை முடித்து, திருப்பிப் போட்டு மற்றதை வெட்டுங்கள். ஜி.ஐ. பைப் என்றால் வெளியில் காற்றோட்டமாக, மாஸ்க்கோடு செய்யுங்கள். மேலே இருப்பது துத்தநாகப் பூச்சு, அதன் புகை காய்ச்சலைக் கொடுக்கும்.

ஏழாம் படி: பேட்டரியைப் பார்த்துக்கொள்வது

சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் வைக்காதீர்கள். லித்தியம் செல்லை வழக்கமாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது. நல்ல சார்ஜர் விளக்கை மினுக்கிக்கொண்டு ஆறும் வரை காத்திருக்கும், மலிவானது காத்திருக்காது. சித்திரை, வைகாசி வெயிலில் மாடியில் வேலை பார்க்கும்போது பேட்டரியை நிழலில் வையுங்கள், மாற்றிப் போட இரண்டாவது ஒன்று இருந்தால் முதலாவது நிதானமாக ஆறும். இரும்புப் பொடி பேட்டரி முனைகளில் ஒட்டியிருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மிஷினின் காற்றுத் துளைகளையும் அப்படியே. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் கழற்றி, காரிலோ தகரக் கூரைக்கடியிலோ இல்லாமல் வீட்டுக்குள் வையுங்கள். வீலைப் பெட்டியில் படுக்கப் போட்டு, மழைக்காலத்தில் ஈரம் ஏறாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.