டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் பலர் பார்க்கத் தவறும் எண்

டெஸ்டோஸ்டிரோன் குறைபாட்டுக்காக ஊசியோ ஜெல்லோ எடுத்துக்கொள்ளும் ஆண்களில் பலர், பரிசோதனை முடிவு வந்ததும் ஹார்மோன் அளவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் பார்க்க வேண்டிய இன்னொரு எண், சிபிசி எனப்படும் முழு இரத்தப் பரிசோதனையில் ஹீமடோக்ரிட் அல்லது பிசிவி என்ற பெயரில் இருக்கிறது. மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படிந்து, மஞ்சள் நிறத் திரவம் மேலே தெளிந்து நிற்கும். அந்தச் சிவப்புப் பகுதி மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்பதே பிசிவி. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுவதோடு, இரும்புச்சத்தைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடினையும் குறைப்பதால், இந்த எண் மெல்ல ஏறி இரத்தம் கெட்டியாகிறது.

ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, சிகிச்சைக்கு முன்பும், தொடங்கிய 3 முதல் 6 மாதங்களுக்குள்ளும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் இதைப் பார்க்க வேண்டும். தொடங்கும்போதே 48 விழுக்காட்டுக்கு மேல் இருப்பவர்களுக்குச் சிகிச்சையைத் தொடங்க அது பரிந்துரைப்பதில்லை. இடையில் 54ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, அந்த எண் இறங்கிய பிறகு மருந்தின் அளவைக் குறைத்துத்தான் மீண்டும் தொடங்க வேண்டும். கடந்த 6 மாதங்களுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும் இந்தச் சிகிச்சை உகந்ததல்ல. இந்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது ஆபத்தானது.

2023இல் வெளியான டிராவெர்ஸ் ஆய்வைக் காட்டி, இனி இதயத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று பேசுவது அடுத்த தவறு. இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள 5,200க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த அந்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் இறப்பு ஆகியவை சேர்ந்து டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்களில் 7.0 விழுக்காட்டினருக்கும், மருந்து கலக்காத வெற்று ஜெல் பெற்றவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன. இது நல்ல செய்திதான். ஆனால் நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைப்பது வெற்று ஜெல் பெற்றவர்களில் 0.5 விழுக்காடாகவும், டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்களில் 0.9 விழுக்காடாகவும் இருந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற இதயத்துடிப்பும் டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது. மேலும், அங்கே ஜெல்தான் தரப்பட்டது. ஹார்மோனையும் ஹீமடோக்ரிட்டையும் அளந்து மருந்தின் அளவைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். ஜிம்மில் யாரோ சொன்ன அளவில் ஊசி போட்டுக்கொள்பவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. ஜெல்லைவிட ஊசியில்தான் ஹீமடோக்ரிட் அதிகமாக ஏறுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

எண் ஏறிவிட்டால் சிலர் அடிக்கடி இரத்ததானம் செய்து சமாளிக்கிறார்கள். எண் இறங்கும், ஆனால் இரும்புச்சத்தும் கூடவே தீர்ந்து, சோர்வும் மூச்சிரைப்பும் வரும். அந்தச் சோர்வை ஹார்மோன் போதாததாக எண்ணி மருந்தைக் கூட்டச் சொல்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மருந்தின் அளவையோ வகையையோ மாற்றுவதே முதல் வழி. இரத்தம் எடுப்பது தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். புகைபிடித்தலும், உரத்த குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் ஹீமடோக்ரிட்டைத் தாமாகவே ஏற்றும் என்பதால் அவற்றையும் சரிசெய்ய வேண்டும். உடலில் நீர் வற்றியிருந்தாலும் எண் கூடிக் காட்டும். ஆகவே போதிய தண்ணீர் குடித்திருந்த ஒரு நாளில் மறுபரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே அளந்து குறித்து வையுங்கள்; அது உயரக்கூடும் என்ற எச்சரிக்கையை டெஸ்டோஸ்டிரோன் மருந்துகள் அனைத்திலும் சேர்க்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் அறிவுறுத்தியது. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலோ, முகம் கோணி ஒரு கை தளர்ந்தாலோ, அடுத்த ஊசி நாள்வரை காத்திருக்காமல் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்வதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.