வெளிநாட்டில் போன் வாங்கும்போது கணக்கு எங்கே தவறுகிறது?

2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்தபோது எங்கள் வீட்டிலும் வெளிநாட்டில் வாங்கினால் மலிவு என்ற பேச்சுதான். அமெரிக்காவில் 799 டாலர், அன்றைய மதிப்பில் 67,100 ரூபாய் சொச்சம், இங்கே 79,900. உடனே அங்கிருந்து யார் ஊருக்கு வருகிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டோம்.

அந்தப் பெருக்கல் கணக்கிலேயே முதல் தவறு இருக்கிறது. அமெரிக்கக் கடை போட்டிருப்பது வரி சேர்க்காத விலை, இங்கே நாம் பார்ப்பது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த விலை. 79,900-லிருந்து ஜிஎஸ்டியைக் கழித்துவிட்டுப் பாருங்கள், 67,700 ரூபாய்தான் வரும், டாலரில் 806. நாம் கம்பெனிக்காரன் கூடுதலாக வாங்குகிறான் என்று கோபப்பட்ட தொகையில் பெரும்பகுதி நம் ஊர் வரி.

அமெரிக்காவிலும் வரி உண்டு, பில் போடும்போதுதான் அது தெரியும். ஆரிகன், டெலவேர் போன்ற சில மாநிலங்களில் விற்பனை வரி கிடையாது, ஆனால் கலிபோர்னியாவில் குறைந்தது 7.25 சதவீதம். அப்போது அதே போன் 857 டாலர், அதாவது 72,000 ரூபாய். இந்தியக் கார்டில் கட்டினால் பல வங்கிகள் 3.5 சதவீதம் கூடுதல் கட்டணம் பிடிக்கும், அந்தக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு, எல்லாம் சேர்த்தால் 75,000-ஐத் தொட்டுவிடும். கார்டு மெஷின் ரூபாயிலா உள்ளூர்ப் பணத்திலா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விகிதம். கடைசியில் மிஞ்சுவது 5,000 ரூபாய். இங்கே ஒரு வங்கிச் சலுகை வந்தால் அதுவும் போச்சு.

அப்புறம் சுங்க வரி. ஐபோன் 16 வந்த 2024-இல் நடைமுறையில் இருந்த 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஊர் திரும்பும் இந்தியருக்கு 50,000 ரூபாய் வரைதான் இலவச வரம்பு இருந்தது, அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 38.5 சதவீதம். 72,000 ரூபாய் போனைப் பிரிக்காத பெட்டியோடு கொண்டுவந்து கணக்குக் காட்டினால் அப்போது சுமார் 8,500 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது, இங்கே வாங்குவதைவிடச் செலவு கூடிவிட்டது. இந்த வரம்பும் விகிதமும் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை சுங்கத்துறை தளத்தைப் பார்த்துவிடுங்கள். டிவி விஷயத்தில் இது இன்னும் முக்கியம். முன்பு வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் தட்டை டிவியோடு வந்து இறங்குவார்கள், 2013 ஆகஸ்டில் அதை இலவச வரம்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

சிங்கப்பூர், துபாய் என்றால் வரியைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்போம். சிங்கப்பூரில் 9 சதவீதம், நல்ல தொகைதான், ஆனால் அது சுற்றுலாப் பயணிக்கு மட்டும். அங்கே வேலை பார்க்கும் மச்சானை வாங்கிவரச் சொன்னால் அவருக்கு அது கிடைக்காது. துபாயில் வரியே 5 சதவீதம், அதிலும் முழுவதும் திரும்ப வராது, அதற்கும் ஒரு சிறு கட்டணம் பிடிப்பார்கள்.

விலையைப் பார்த்தவர்கள் மாடலைப் பார்ப்பதில்லை. ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடலில் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் (போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் மின்னணு சிம்) மட்டும்தான், ஊரில் அப்பாவுக்கு வாங்கித் தருவதாக இருந்தால் இதை யோசியுங்கள். ஜப்பானில் விற்கும் ஐபோனில் கேமரா சத்தத்தை நிறுத்துவதில் கட்டுப்பாடு உண்டு. என் உறவினர் ஒருவர் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வெளிநாட்டிலிருந்து ஆசையாக வாங்கிவந்த போன் அங்குள்ள ஒரு நெட்வொர்க்குக்கு லாக் செய்யப்பட்டது, நம் சிம் எதையும் ஏற்கவில்லை, இன்னமும் அலமாரியில் கிடக்கிறது. பில்லில் 'அன்லாக்டு' என்று இருக்கிறதா என்று பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். வாரண்டியும் அப்படித்தான், எல்லா நாட்டிலும் செல்லும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்காக வெளியே வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. 2023-இல் ஐபோன் 15 ப்ரோ அங்கே 999 டாலர், இங்கே 1,34,900. ஜிஎஸ்டியைக் கழித்த பிறகும் 30,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் நின்றது, முக்கியக் காரணம் இறக்குமதி வரி. 2024 ஜூலை பட்ஜெட்டில் அந்த வரியை 20-லிருந்து 15 சதவீதமாகக் குறைத்தார்கள், அந்த ஆண்டு வந்த 16 ப்ரோ 1,19,900 ஆனது. ஆகவே ஒரு மாடலுக்குப் போட்ட கணக்கை வைத்து அடுத்ததை வாங்காதீர்கள்.

என்னைக் கேட்டால், வெளிநாட்டில் வாங்கத் தோதானது லேப்டாப்தான். 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம், சார்ஜரும் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ஜப்பானில் வாங்குவதாக இருந்தால் மட்டும் கீபோர்டைக் கடையிலேயே தட்டிப் பாருங்கள். அங்கே ஸ்பேஸ் பார் குட்டையாக இருக்கும், குறியீடுகள் வேறு வேறு கட்டைகளில் இருக்கும், அமெரிக்க அமைப்புள்ள கீபோர்டு வேண்டும் என்று நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.