விற்பனைக் காருக்குள் அறிவிப்புத் தாள்: செலோடேப் வேண்டாம்

விற்பனைக்கு நிறுத்தியிருக்கும் காரின் விவரத் தாளைக் கண்ணாடியில் ஒட்டுவதற்குப் பதிலாக, ஏ4 அளவுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையில் செருகி, இடப்புற சன் வைசரை (முன்கண்ணாடியின் மேல்புறம் உள்ள, வெயிலை மறைக்கும் மடக்குப் பலகையை) ஜன்னல் பக்கம் திருப்பி, அதில் இரண்டு பைண்டர் கிளிப்புகளால் தொங்கவிடலாம். சென்னை வெயிலில் மூடிய காருக்குள் செலோடேப்பின் பசை இளகிக் கண்ணாடியில் கறையாகப் படிந்துவிடும். உறைக்கோ பசையே தேவையில்லை என்பதால், விலையைக் குறைக்கும்போது தாளை மட்டும் மாற்றிவிட்டு, வண்டி விற்றபின் அதே உறையை அடுத்த காருக்கும் பயன்படுத்தலாம். சாலையின் இடது ஓரத்தில் நிற்கும் காரில், நடைபாதையில் செல்பவர்களின் கண்ணில் படுவதும் இந்த ஜன்னல்தான். லேசர் அச்சே நல்லது. இங்க்ஜெட் மை வெயிலில் விரைவில் வெளுத்துவிடும். பக்கவாட்டில் திரும்பாத வைசர் உள்ள கார்களுக்கு இம்முறை பொருந்தாது. வாங்க வருபவர் ஓட்டிப் பார்க்கும்போது, இடப்புறப் பார்வையை மறைக்கும் என்பதால், உறையைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.