வன்னி வளவுக்கு மினக்கேடு குறைஞ்ச வீட்டுத்தோட்டம்

புதுசா வீடு கட்டி முடிச்ச கையோட நேர்சரிக்குப் போய் கண்ணுக்கு வடிவா இருக்கிற கண்டெல்லாம் வாங்கி வந்து வச்சிட்டு, ஆனி ஆடியில பின்னேரம் முழுக்க ஹோஸ் பைப்போட நிக்கிற ஆக்கள் எங்கட பக்கம் கனபேர். அப்பிடி நிக்கத் தேவையில்ல. தண்ணி ஏற்கனவே எங்க போகுதோ அங்க தண்ணி கேக்கிற மரத்தை வையுங்கோ, மற்ற இடத்துக்கு வெய்யிலைத் தாங்கிறதை வையுங்கோ, அவ்வளவுதான் விசயம், ஆனா அதை நடுறதுக்கு முதலே யோசிக்கோணும்.

எங்கட மழை முழுக்க ஐப்பசி தொடங்கி தை மட்டும் கொட்டித் தீர்த்திடும், பிறகு பங்குனி சித்திரையில கொஞ்சம் தூறும், வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் சோளகக் காத்து, அதுதான் தென்மேல் காத்து, அடிச்சு மண்ணில இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிடும். ஒரே வளவு மார்கழியில குளம் மாதிரி நிக்கும், ஆவணியில கல்லாட்டம் வெடிச்சுக் கிடக்கும். இந்த ரெண்டையும் தாங்கிற தோட்டம்தான் எங்களுக்குத் தேவை, கொழும்பில கண்டியில பாக்கிற பச்சைப் பசேல் எண்ட தோட்டம் இஞ்ச நிக்காது.

அதால முதல் வேலை, ஒரு மாரிக்கு வளவைச் சுத்திப் பாருங்கோ. பெரிய மழை பெய்யேக்க குடையைப் பிடிச்சுக்கொண்டு போய் தண்ணி எங்கால வருது, எங்க தேங்குது, எங்கால வெளியில போகுது எண்டு பாத்து ஒரு கொப்பித் தாளில கீறி வையுங்கோ. 2018 மார்கழி வெள்ளத்தில கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் எங்கெங்க தண்ணி நிண்டது எண்டு அயலில இருக்கிற ஆக்களைக் கேட்டாலும் சொல்லுவினம். தண்ணி நிக்கிற பள்ளத்தில முருங்கையோ பப்பாசியோ வைச்சா வேர் அழுகி ஒரே மாரியோட போயிடும், களிமண் எண்டா இன்னும் கெதியா. அதுகளுக்கு மேட்டுப் பக்கம்தான் சரி, மேடு இல்லாட்டி ஒண்டரை அடிக்கு மண்ணைக் குவிச்சு அதில நடுங்கோ.

அடுத்தது வீட்டுத் தண்ணி. கிணத்தடியில குளிக்கிற தண்ணி, குசினியில அரிசி கழுவிற தண்ணி, பீலியால வாற கூரைத்தண்ணி, இது மூண்டும் எப்பிடியும் எங்கயோ ஓடத்தான் போகுது. 1000 சதுர அடிக் கூரையில 50 மில்லிமீற்றர் மழை விழுந்தா 4600 லீற்றருக்கு மேல தண்ணி, அதை றோட்டுக்கு விடுறது பெரிய அநியாயம். பீலி முடியிற இடத்தில இருந்து சின்ன வாய்க்கால் ஒண்டு வெட்டி மாமரத்தடிக்கோ தென்னையடிக்கோ கொண்டுபோய் விட்டா மண்ணுக்குள்ள இறங்கும், கிணத்துக்கும் நல்லது. எங்கட அம்மம்மாக்கள் கிணத்தடியில வாழை வச்சதும் இதுக்குத்தான். ஆனா ஒரு வாழையடியில பெரிசு ஒண்டு, நடுத்தரம் ஒண்டு, குட்டி ஒண்டு எண்டு மட்டும் விட்டுட்டு மிச்சக் குட்டியளை வெட்டி விடுங்கோ, விட்டா காடாகி குலை சிறுத்துப்போகும். சவர்க்காரத் தண்ணி போற இடத்தில கீரை வைக்காதேங்கோ, வல்லாரை பொன்னாங்காணியை அரிசி கழுவிற தண்ணி போற பக்கம் வையுங்கோ. கருவேப்பிலையும் தேசியும் குசினிக் கதவால எட்டிப் பிடுங்கிற தூரத்தில இருந்தா நீங்களும் ஒவ்வொரு நாளும் அதைப் பாப்பியள், வாடினா உடன தெரியும்.

இப்ப நடுறது. இதில மட்டும் அவசரப்படாம செய்யோணும், நல்லா நட்டா பிறகு வேலை இல்ல. தென்னைக்கோ மாவுக்கோ புரட்டாதியிலயே 3 அடி நீளம் 3 அடி அகலம் 3 அடி ஆழத்துக்கு கிடங்கு வெட்டி கொஞ்ச நாள் காய விடுங்கோ. மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை மற்றப் பக்கம் குவியுங்கோ. அடியில பொச்சுமட்டையை குழிவான பக்கம் மேல பாக்கிற மாதிரி அடுக்கி, மேல மண் போட்டு, திரும்ப ஒரு அடுக்கு பொச்சுமட்டை, பிறகு மேல்மண்ணோட உக்கின மாட்டெருவைக் கலந்து நிரப்புங்கோ. மாரியில குடிச்ச தண்ணியை அந்தப் பொச்சு மாசிக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமா விடும். ஐப்பசியில முதல் மழை விழுந்து மண் நனைஞ்ச உடன கண்டை நடுங்கோ, ஒட்டு மாங்கண்டு எண்டா ஒட்டின இடம் மண்ணுக்கு மேல நிக்கோணும். வடக்கில கார்த்திகையை மரநடுகை மாதமா வைச்சிருக்கிறதும் இந்த மழையை நம்பித்தான். சித்திரையில வாங்கி நடுற கண்டு வேர் ஓட முதலே சோளகத்தில மாட்டுப்படும். தென்னைக்குத் தென்னை 26 அடி விடுங்கோ, சின்னக் கண்டா இருக்கேக்க இடம் வெறுமையாத்தான் தெரியும், பரவாயில்ல.

முதல் ரெண்டு கோடைக்கும் ஒரு மண்முட்டியை கண்டில இருந்து ஒரு அடி தள்ளி கழுத்து மட்டும் தாட்டு, தண்ணி நிரப்பி சிரட்டையால மூடி விடுங்கோ. வர்ணம் அடிச்ச முட்டி சரிவராது, தண்ணி கசியாது. சாதாரண முட்டி எண்டா தண்ணி மெல்ல மெல்லக் கசிஞ்சு வேருக்குப் போகும், நீங்க நாலைஞ்சு நாளைக்கு ஒருக்கா நிரப்பினாக் காணும்.

இன்னொண்டு சொல்லோணும், எங்கட பக்கம் விறாந்தை மாதிரி வளவையும் கூட்டி சருகெல்லாம் குவிச்சு நெருப்பு வைக்கிற பழக்கம். அது கையில இருக்கிற பசளையை எரிக்கிறது. பாம்புக்குப் பயம் எண்டு சொல்லுவினம், அது நியாயம்தான், அதால வீட்டைச் சுத்தி ஒரு எட்டு அடிக்கு வெறும் மண்ணா கூட்டி வைச்சிருங்கோ, அதுக்கு அங்கால விழுற சருகை மரத்தடியில ஒரு சாண் உயரத்துக்குப் போடுங்கோ. அடிமரத்தில முட்டாம ஒரு சாண் தள்ளிப் போடோணும், முட்டினா கறையான் ஏறும். சருகு மூடின மண்ணில புல்லும் குறைவு, ஈரமும் கெதியா போகாது, புல்லுப் பிடுங்கிற வேலையில பாதி இதோட போயிடும்.

வேலிக்கு மதில் கட்டக் காசு இருந்தாலும் ஒரு பக்கமாவது கதியால் போடுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். கிளுவை, பூவரசு, கிளிசரியா, மூண்டும் மாரியில அலவாங்கால குத்தி ஊண்டினா பிடிச்சிடும். கிளிசரியா குழையை வெட்டி வெட்டி தென்னையடியில போடலாம், காசில்லாத பசளை. தெற்கு, மேற்குப் பக்கம் வேலி அடர்த்தியா இருந்தா சோளகக் காத்தையும் மறிக்கும். மேற்குப் பக்கம் வீட்டில இருந்து 20 அடியாவது தள்ளி ஒரு வேம்பு நிண்டா பின்னேர வெய்யில் சுவரில படாது. கிட்ட வைக்க வேண்டாம், 2020 மார்கழியில புரெவிப் புயல் வந்த மாதிரி திரும்பவும் காத்து வரலாம். மாரியில வேலியில கார்த்திகைப்பூ தானா படரும், வடிவுதான், ஆனா கிழங்கு நஞ்சு, சின்னப் பிள்ளையள் தோண்டாமப் பாருங்கோ.

பிள்ளையள் எண்டதோட இதையும் சொல்லுறன், கனகாலம் ஆக்கள் இல்லாமக் கிடந்த காணி எண்டா கிடங்கு வெட்டேக்க இரும்புச் சாமான் ஏதும் தட்டுப்பட்டா தொடாதேங்கோ, யுத்தகால வெடிபொருளா இருக்கலாம், அப்பிடியே விட்டுட்டு விலகிப்போய் பொலிசுக்கு அறிவியுங்கோ.

குரங்குக்கு முழு மருந்து இல்ல. மா, கொய்யா, வாழை அதுக்குத்தான் முதல் பங்கு. கருவேப்பிலை, தேசி, மஞ்சள், கற்றாழை எண்டு அது பெரிசா தேடி வராததை வளவின்ர ஓரத்தில வைச்சு, பழமரத்தை வீட்டு முன்பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில வையுங்கோ. மாதுளங்காயைப் பையால கட்டி விடலாம். கீரைப் பாத்தி எண்டா மயில் கொத்தும், பழைய மீன்வலையை மேல விரிச்சு விடுங்கோ.

முன்பக்கத்துக்கு புல்லுத்தரை வேண்டாம், கோடை முழுக்க தண்ணி குடிக்கும், முழுக்க சீமெந்து போட்டாலும் வீடு அனல். படலையில இருந்து விறாந்தை மட்டும் நடக்கிற பாதைக்குக் கல்லுப் போட்டு, ரெண்டு பக்கமும் நித்தியகல்யாணி, செவ்வரத்தை, போகன்வில்லா, ஒரு தேமா வையுங்கோ, வேர் பிடிச்சாப் பிறகு உதுகள் ஆனியிலயும் பூக்கும். பூச்சாடி நாலைஞ்சுக்கு மேல வேண்டாம், சாடி மண் ஒரே நாளில காயும், தோட்டத்தில ஆகக் கூடின வேலை வாறது அதாலதான். இருக்கிற சாடிக்கு அடியில தட்டு வைக்காதேங்கோ, மாரியில தண்ணி தேங்கி டெங்கு நுளம்பு பெருகும், சிரட்டை, யோகட் கப், பழைய ரயர் எல்லாத்தையும் ஐப்பசிக்கு முதல் ஒருக்காப் பாத்துக் கவிட்டு விடுங்கோ.